லிங்கராஜ் சார் மேல் போட்ட பழி

வெயிலுகந்தம்மாளுக்கு ஒரு ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் அந்த ஆள் பதிலுக்குப் பேச வேண்டும். ஒரு வார்த்தை போட்டால் இரண்டு வார்த்தை திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அது ஆள் இல்லை, மண்சுவர். லிங்கராஜ் சார் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் நாளே அவரை மண்சுவர் என்று முடிவுகட்டிவிட்டாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அது. கோவில்பட்டிக்குக் கிழக்கே, ஒரு நாளைக்கு இரண்டு தடவை மட்டும் பஸ் வந்து திரும்புகிற ஊர். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம், இரண்டு வாத்தியார். பின்னால் தகரம் போட்ட சத்துணவுக் கூடம். அதில் சமைக்கிறவள் வெயிலுகந்தம்மாள். கிடை ஆட்டோடு போன புருஷன் இடி விழுந்து செத்ததால் அவளுக்குக் கிடைத்த வேலை. எழுத்துத் தெரியாது, கைநாட்டுதான். பேச்சுக்கு எழுத்து எதற்கு?

பெரிய வாத்தியார் சௌந்தரபாண்டியன் அவளுக்கு ஏற்ற ஆள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே நாலு பேரைக் கேலி பண்ணிக்கொண்டுதான் இறங்குவார். ஊர்க்கூட்டம் என்றால் அவர்தான் பேசுவார், சண்டை என்றால் அவர்தான் விலக்குவார். வாத்தியார் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று ஊரே சொல்லும். அவர் மேஜையில் ஒரு காலண்டர் இருக்கும். சாயங்காலம் மணி அடித்ததும் அன்றைய தேதியைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

"ரிட்டயர் ஆக இன்னும் பதினோரு வருஷம் கெடக்கு வெயிலு. பன்னிக்குட்டி மேச்சாக்கூட இதைவிட நிம்மதியா இருக்கும்" என்பார்.

லிங்கராஜ் சார் கோவில்பட்டிக்காரர். அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கடையில் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார்கள். விலை கேட்டால் சொல்ல வாய் வராதாம், கடன் கேட்டால் இல்லை என்று சொல்லவும் வாய் வராதாம். கடைக்கு ஆகாத பிள்ளையை வாத்தியாருக்குப் படிக்க வைத்தார்கள். பெரிய ஆட்களைக் கண்டால் அவருக்கு நெற்றி வேர்த்துவிடும். கல்வி ஆபீசர் வருகிற நாளில் வயிறு கலங்கி, காலையிலிருந்து உடைமரத்துப் பக்கம் மூன்று நடை போய் வருவார்.

"சாரே, ஆடு மேய்க்கக்கூட ஒரு சத்தம் குடுக்கணும். நீங்க எப்படிப் பிள்ளைகளை மேய்க்கப் போறீங்க?" என்று முதல் வாரமே கேட்டாள்.

அவர் சிரித்தார். அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து அரிசி களைந்துகொண்டிருந்தவளுக்கு, மூன்றாம் வகுப்புப் பக்கமிருந்து யாரோ கிடாய் மாதிரி கத்துவதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பதும் கேட்டது. வெளியூர் ஆள் வித்தை காட்ட வந்திருக்கிறான் என்று கையைத் துடைத்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தாள். லிங்கராஜ் சார் நாலு காலில் நின்றுகொண்டிருந்தார். முதுகில் ஒரு பொடியன். கிடாய்க்குக் கால் நாலு, மூன்று கிடாய்க்குக் கால் எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தார். குரல் கணீரென்று இருந்தது. ஜன்னலில் அவள் தலையைக் கண்டதும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு பழையபடி மண்சுவராகிவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் கேலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். விட்டுவிடவில்லை.

அந்த ஊரில் பிள்ளைகளைப் படிக்க வைப்பது வாத்தியாருக்கும் தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்கும் நடக்கிற மல்லுக்கட்டு. தீப்பெட்டிக் கம்பெனியை அங்கே ஆபீஸ் என்பார்கள். காலை ஆறு மணிக்கு வேன் வந்து நிற்கும். எட்டு, ஒன்பது வயதானால் பெண்பிள்ளைகள் அதில் ஏறிவிடும். தொண்ணூற்றாறில் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. உளுந்தும் இல்லை, மல்லியும் இல்லை. நாலாம் வகுப்பில் பதினாலு பேர் இருந்த இடத்தில் ஐந்து பேர் மிஞ்சினார்கள்.

லிங்கராஜ் சார் வீடு வீடாகப் போனார். போய் வாசலில் நிற்பார். என்ன சார் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பிவிடுவார். இதைப் பார்க்கச் சகிக்காமல்தான் வெயிலுகந்தம்மாள் கூடப் போனாள். அவர் நிற்பதற்கு, அவள் பேசுவதற்கு.

ஆடு வைத்திருக்கிற பெருமாள்சாமி வீட்டில் அவன் சொன்னான்: "எம்மா, எம் மக சந்தனமாரி நல்லாப் படிக்கும்னு எனக்கும் தெரியும். வேனுக்கு அனுப்பல, வீட்டுல இருந்து தீப்பெட்டிதான் ஒட்டுது. அதையும் விட்டா அடுப்புல பூனைதான் படுக்கும்."

திரும்பி வருகிற வழியில் அவள்தான் சொன்னாள். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள்.

"பெட்டி ஒட்டுத பிள்ளைக அட்டைத் தட்டோட இங்கனயே வரட்டும் சார். மூணு மணி வரைக்கும் படிக்கட்டும், அதுக்குப் பெறகு ஒட்டட்டும். பசை நான் காய்ச்சித் தாரேன். சோறாக்குன அடுப்பு சும்மாதான கெடக்கு."

"தப்பில்லையா ஆயாம்மா?"

"தப்புதான். வேனுல ஏத்தி விடுதது மட்டும் புண்ணியமோ?"

இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். அடுத்த வாரம் ஒன்பது பெண்பிள்ளைகள் பெட்டித் தட்டோடு திரும்பி வந்தார்கள். மூன்று மணிக்கு மேல் லிங்கராஜ் சாரும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து விரலில் பசை தடவிக்கொண்டு ஒட்டுவார். ஒட்டிக்கொண்டே வாய்ப்பாடு நடக்கும், கதை நடக்கும். சௌந்தரபாண்டியன் அந்தப் பக்கம் வரும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான் ஒண்ணும் பாக்கலப்பா" என்று சொல்லிக்கொண்டே போவார்.

தீப்பெட்டிப் பசை என்பது மைதா மாவும் மயில்துத்தமும். எலி தின்னாமல் இருக்கத் துத்தம் போடுவார்கள். நீலமாக இருக்கும், விஷம். அதற்கென்று அவள் தனிச்சட்டி வைத்திருந்தாள், தனி அகப்பை வைத்திருந்தாள். அகப்பைக் காம்பில் சிவப்புத் துணி சுற்றியிருந்தாள். அந்த மட்டுக்குக் கவனமாகத்தான் இருந்தாள்.

அடுத்த வருஷம் ஆவணியில் இந்துஜா என்று ஒரு பெண் தோள்பையோடு வந்தாள். வாத்தியார்களுக்கு வாத்தியாராகப் படிக்கிற படிப்பு. ஆராய்ச்சிக்காகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் வாத்தியார்களுக்குத் தாள் கொடுத்துக் கட்டத்தில் டிக் போடச் சொல்கிறாள். இரண்டு தாளையும் வாங்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்கச் சத்துணவுக் கூடத்துக்கு வந்தவளை வெயிலுகந்தம்மாள் சும்மா விடுவாளா?

"என்னத்த எழுதி வாங்குத தாயி? சம்பளம் கூட்டப் போறாகளா?"

"அதெல்லாம் இல்ல ஆச்சி. ஒருத்தரோட குணம் எப்படி, அவருக்கு வேலையில திருப்தி இருக்கா, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு பாக்குறோம். நல்லாப் பேசிப் பழகுறவங்க, எதுக்கும் பதறாதவங்க, அவங்கதான் திருப்தியா இருப்பாங்கன்னு புத்தகத்துல இருக்கு." தாளைப் புரட்டிவிட்டுச் சிரித்தாள். "இங்க தலைகீழா இருக்கு. யாரு எதுன்னு சொல்லக் கூடாது. ஒருத்தர் எல்லாருகிட்டயும் நல்லாப் பேசுவேன், பதற மாட்டேன்னு போட்டிருக்காரு. இந்த வேலையை விடத் தோணியிருக்கான்னு கேட்டா, அடிக்கடின்னு போட்டிருக்காரு. இன்னொருத்தர் ஆளைப் பார்த்தா பயம், அடிக்கடி பதட்டம்னு போட்டுட்டு, வேலையில முழுத் திருப்தின்னு வரிசையா டிக் போட்டிருக்காரு. கேள்வி புரியாமப் போட்டுட்டாரோ?"

"புரிஞ்சுதான் போட்டிருப்பாரு. கிடாய்க்குக் கசாப்புக் கடைக்காரனைக் கண்டாப் பயம். குட்டிகளைக் கண்டா என்ன பயம்?"

"ஒங்களுக்கு வேலையில திருப்தியா ஆச்சி?"

"எனக்கா? கஞ்சிக்கு வழி பண்ணுது, அது போதும். திருப்தி கிருப்தியெல்லாம் படிச்சவிய பாடு."

அப்படித்தான் சொன்னாள். இந்த வேலை போனால் கஞ்சிக்கு வழி இல்லை என்கிற பயம் அந்தச் சிரிப்புக்கு அடியில் கிடந்தது. அது எப்போது எழுந்து நிற்கும் என்று அவளுக்கே தெரியாது.

தொண்ணூற்றெட்டு மாசியில் எழுந்து நின்றது.

அன்றைக்கு முன்கூட்டியே பசை காய்ச்சி வைத்துவிட்டுச் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் விறகு கொண்டு வந்த சுடலையம்மாள், ஈர விறகைக் காய்ந்த விறகு என்று சாதித்தாள். விடுவாளா இவள்? ஒரு கை இடுப்பில், ஒரு கை அகப்பையில், முகம் சுவர் பக்கம். சுடலையம்மாளின் மூன்று தலைமுறையை இழுத்துப் போட்டு முடித்துவிட்டுத் திரும்பினால், சாம்பாருக்குள் நிற்கிற அகப்பையின் காம்பில் சிவப்புத் துணி.

எடுத்துப் பார்த்தாள். நுனியில் இருந்த பசை பாதிக்குமேல் கரைந்து போயிருந்தது. மேலாக லேசாக நீலம் படர்ந்திருந்தது. மணி பன்னிரண்டரை. தொண்ணூறு பிள்ளைகள் தட்டோடு நின்றார்கள். சாம்பாரைக் கொட்டினால் ஏன் கொட்டினாய் என்ற கேள்வி வரும். நீலம் தெரிந்த இடத்தை நாலு கரண்டி அள்ளிக் கொட்டிவிட்டு, மிச்சத்தைக் கலக்கிவிட்டாள். ஒன்றும் செய்யாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதல் பந்தியில் சாப்பிட்ட மூன்று பிள்ளைகள் வாந்தி எடுத்தன. அதில் சந்தனமாரி ஒன்று. லிங்கராஜ் சார் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடினார். மற்ற பிள்ளைகளின் தட்டைப் பிடுங்கிக் கொட்டியது சௌந்தரபாண்டியன். சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியில் மூன்றும் எழுந்து உட்கார்ந்துவிட்டன. நல்ல வேளை என்றது ஊர்.

மறுநாள் ஆபீசர் வந்தார். சத்துணவுக் கூடத்து மூலையில் பசைச்சட்டியைக் கண்டதும் அவர் முகம் கறுத்தது.

"பிள்ளைகளுக்குச் சோறாக்குற இடத்துல இது எப்படி வந்துச்சு? யார் காய்ச்சச் சொன்னது?"

வெயிலுகந்தம்மாள் லிங்கராஜ் சாரைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து வேர்வை சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வராது என்று அவளுக்குத் தெரியும். ஐந்து வருஷம் அந்த மனிதனைக் கேலி பண்ணிப் பண்ணி, அவர் பதில் பேசமாட்டார் என்பதை அவளைப்போல அறிந்தவர் யாரும் இல்லை. அதை நம்பித்தான் சொன்னாள்.

"சாருதான்யா காய்ச்சச் சொன்னாரு. நான் சொன்னதைச் செய்யுதவ."

"கொழம்புல விழுந்தது?"

"பசை எடுக்கப் பிள்ளைக உள்ள வரும்யா. சாரு விட்டுருவாரு. அதுக எதையாவது மாத்தி வச்சிருக்கும்."

ஆபீசர் லிங்கராஜ் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் ஒரு தடவை இவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. பிறகு தரையைப் பார்த்து, "ஆமா சார்" என்றார்.

பிள்ளைகள் பக்கமே வைக்கக் கூடாத ஆள் என்று அவரைக் கல்வி ஆபீஸில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். தபாலுக்கு நம்பர் போடுவது, ரிஜிஸ்தருக்குக் கோடு போடுவது, அந்த வேலை. ஒன்பது பெண்பிள்ளைகளில் எட்டு பங்குனிக்குள் வேனில் ஏறிவிட்டன. வெயிலுகந்தம்மாளுக்கு வேலை நிலைத்தது. நிலைத்த வேலையில் அவள் தினமும் சோறாக்கினாள். மூன்று மணிக்கு மேல் பெட்டித் தட்டு இல்லாத அந்தத் தரையைக் கூட்டும்போது குனிந்த தலையை நிமிர்த்தமாட்டாள். கடைத்தெருவில் யார் வம்புக்கு இழுத்தாலும் பேசாமல் போனாள். வெயிலுக்கு வயசாகிவிட்டது என்றார்கள்.

ஆடியில் இந்துஜா திரும்ப வந்தாள். அந்தத் தலைகீழ்த் தாளைப் பற்றி அவளுக்குச் சொல்லித் தருகிறவர் சந்தேகம் கேட்டாராம், இன்னொரு தடவை போட்டு வாங்கி வா என்றாராம். சௌந்தரபாண்டியன் அன்றைக்கு லீவு. நேரே அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள்.

"லிங்கராஜ் சாரை ஆபீஸ்ல பார்த்துட்டுத்தான் வாறேன் ஆச்சி. தாளை நீட்டினேன். வாங்கிப் படிச்சாரு. திருப்பிக் குடுத்துட்டு, ‘இது வாத்தியாருக்குள்ளதும்மா, நான் இப்ப வாத்தியார் இல்ல’ன்னாரு. பிள்ளைகளுக்கு விஷம் வச்ச ஆள்னு அங்க உள்ளவங்க பேசிக்கிடுறாங்க. அவரா ஆச்சி அப்படி?"

வெயிலுகந்தம்மாள் அடுப்பில் கிடந்த கட்டையை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். சோறு பாதி வேக்காட்டில் இருந்தது. பிறகு, செய்ததை உணர்ந்து திரும்பவும் பற்ற வைத்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் போனாள். ஆபீசர் முன்னால் நின்று, "அன்னைக்குச் சொன்னது பொய்யிங்கய்யா" என்று தொடங்கினாள். பசை காய்ச்சுகிற யோசனை தன்னுடையது, அகப்பையை மாற்றிப் போட்டது தான், பிள்ளைகள் யாரும் உள்ளே வரவில்லை.

"அன்னைக்கு வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? இதை எழுதுனா வேலை போகும், தெரியும்ல?"

"தெரியும். அதுக்குப் பயந்துதான் அன்னைக்குப் பொய் சொன்னேன்."

ஆபீசர் லிங்கராஜைக் கூப்பிட்டார். ஆறு மாதத்தில் ஆள் கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தார். விஷயத்தைச் சொல்லி, உண்மையா என்று கேட்டார். லிங்கராஜ் சார் இவளைப் பார்த்தார். வயசான ஒண்டிக்கட்டை நிற்கிறாள் என்று நினைத்திருப்பார் போல.

"இல்ல சார். நான்தான் காய்ச்சச் சொன்னேன்."

அவளுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஏன் ஓய், பேச வேண்டிய நாள்ல பேசாம நின்னீரு. இன்னைக்கு வாயைத் தொறந்து பொய்யா சொல்லுதீரு?"

"பிள்ளைக வந்துச்சுல்ல ஆயாம்மா. ஒரு வருஷத்துக்கு மேல வந்துச்சுல்ல. நீங்க சொல்லலேன்னா அதுவும் இல்ல. கை தவறி விழுந்ததுக்கு ஏன் ஒங்க சோத்துல மண்ணு விழணும்?"

இத்தோடு வாயை மூடியிருந்தால் வேலையும் மிஞ்சியிருக்கும், அவர் மனசில் அவளுக்கு இருந்த இடமும் மிஞ்சியிருக்கும்.

"கை தவறி விழுந்தது நெசம். ஆனா நான் பாத்துட்டேன் சார். நீலம் தெரிஞ்சது. கொட்டுனா கேள்வி வரும்னு கலக்கி விட்டுட்டு, தெரிஞ்சேதான் பிள்ளைகளுக்கு ஊத்துனேன்."

லிங்கராஜ் சார் முழுசாக அவள் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்த இரக்கம் போவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆபீசர் எதிரில் நிற்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது போலிருந்தது. வேர்வை இல்லை, நடுக்கம் இல்லை.

"தெரிஞ்சா?" என்றார். "சந்தனமாரி என் தோள்ல தொங்கிக்கிட்டு வந்துச்சு ஆயாம்மா. ரோடு வரைக்கும் மூச்சு இருக்கான்னு கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே ஓடுனேன்."

பிறகு ஆபீசரிடம், "அவங்க சொல்றதை எழுதிக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவள் பக்கம் திரும்பவில்லை.

எழுதினதைப் படித்துக் காட்டினார்கள். கைநாட்டு வைத்தாள். ஆவணியில் அவள் வேலை போயிற்று. லிங்கராஜ் சாருக்குப் புதியம்புத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் கொடுத்தார்கள். பழைய ஊருக்கு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அங்கேயும் நாலு காலில் நிற்கிறாராம் என்று சௌந்தரபாண்டியன் சொன்னார். அந்தச் சேதி கேட்டும் அவளுக்கு ராத்தூக்கம் திரும்பவில்லை.

புரட்டாசியில் அவளும் ஆறு மணி வேனில் ஏறினாள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சியைச் சட்டத்தில் அடுக்குகிற வேலை. கட்டை அடுக்குவது என்பார்கள். பக்கத்துச் சட்டத்தில் சந்தனமாரி. பதினோரு வயது. விரல் அவள் விரலைவிட மூன்று பங்கு வேகமாக ஓடியது. நாலு நாள் அந்தப் பிள்ளை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாம் நாள் தலையை நிமிர்த்தாமலே கேட்டது.

"ஆயா, லிங்கராஜ் சார் என்னைப் பத்தி ஏதும் சொன்னாரா?"

"ஒன்னைப் பத்தியா? எதுக்கு?"

"நான்தான அன்னைக்குக் காலையில பசை ஆயிருச்சான்னு கேட்டு அடுப்படிப் பக்கம் வந்தேன். பிள்ளைக மாத்தி வச்சிருக்கும்னு நீ ஆபீசருகிட்டச் சொன்னியாம்ல. எங்கம்மா அடிச்சா. நான் எதையும் தொட்ட ஞாபகம் இல்ல ஆயா. ஆனா தொட்டிருப்பேன் போல. என்னாலதான் சாரு போயிட்டாரு."

வெயிலுகந்தம்மாளின் கையிலிருந்த குச்சிகள் மடியில் சிந்தின. ஆபீசரிடம் சொல்லியாயிற்று, கைநாட்டு வைத்தாயிற்று, வேலையும் போயிற்று. இத்தனை மாதமாக ஒரு சிறுபிள்ளை இதைச் சுமந்துகொண்டு வேனில் ஏறி இறங்கியது அவளுக்குத் தெரியாது. ஊருக்குள் யாரும் அந்தப் பிள்ளையிடம் போய் நீ இல்லை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் அவள்தான்.

"நீ எதையும் தொடல ஏட்டி. நான்தான் மாத்திப் போட்டேன். பாத்துட்டுத்தான் ஒனக்கு ஊத்துனேன். ஒம்மேல சொன்னதும் பொய்யி."

சந்தனமாரியின் விரல்கள் நின்றன. அவளை ஏறிட்டுப் பார்த்தது.

"சாருக்கு இது தெரியுமா? நான் இல்லேன்னு?"

"தெரியும்."

"அப்ப நான் போயி சாரைப் பாக்கலாமா?"

"தாராளமாப் பாக்கலாம். ஞாயித்துக்கிழமை ஒங்கப்பனைக் கூட்டிட்டுப் போ. ஒங்கப்பன்கிட்டயும் ஒங்கம்மாகிட்டயும் இன்னைக்கே வந்து நான் சொல்லுதேன்."

"நீயும் வாறியா?"

"நான் வரல ஏட்டி. அவரு என்னைப் பாக்க வேண்டாம்."

சந்தனமாரி கையிலிருந்த குச்சியைச் சட்டத்தில் வைத்தது. பிறகு எழுந்து, சட்டத்தைத் தூக்கிக்கொண்டு, அவளை விட்டு நாலு ஆள் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. போகட்டும் என்று வெயிலுகந்தம்மாள் மடியில் சிந்தின குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.